என் கை மெதுவாக்கிய பாட்டு

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நேற்றுத்தான் போனில் கேட்டேன். நானும் சுகம் என்று பொய் சொல்லிவிட்டேன். ஆகவே அந்த இரண்டையும் திரும்ப எழுதிக் கடதாசியை வீணாக்கவில்லை. விஷயத்துக்கு வருகிறேன். உன் இசைக்குழு வெளியிடப்போகிற இசைத்தட்டின் தொடக்கத்தில் நம் வீட்டுப் பழைய கசெற்றில் இருந்து இரண்டு நிமிடம் வரும் என்றாய். அங்கே ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்து அதன் வேகத்தைச் சரிப்படுத்தியாயிற்று என்றாய். சரியான வேகத்தில் கேட்டபோதுதான் இத்தனை வருஷமும் அந்தப் பாட்டைப் பிழையாக வாசித்து வந்தது தெரிந்தது, வெட்கமாக இருக்கிறது, இனித் திருத்தி வாசிக்கப் போகிறேன் என்றாய். பிறகு போகிறபோக்கில், "நடுவிலை ஒரு ஆள் குறுக்கை கதைக்கிறான் அம்மா, அந்தத் துண்டை வெட்டப்போறம். வெள்ளிக்கிழமையோடை வேலை முடியுது" என்றாய். நான் "ஓம், ஓம்" என்று போனை வைத்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

தம்பி, அந்தத் துண்டை வெட்டாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நான் அழுவேன், நீ "சரி அம்மா, சரி அம்மா" என்பாய், பாதி சொல்லாமலே போய்விடும். சின்ன வயதில் இருந்தே நீ அவசரக்காரன், கஞ்சியைக்கூட ஆறவிட்டுக் குடித்தது கிடையாது. எழுதினால் நீ குறுக்கே கதைக்க முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக என் அண்ணையின் பேத்தி சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் உன் கைக்கு வந்துவிடும்.

உன் அப்பா தொண்டைமானாற்றுக் கடற்கரையில் பிறந்தவர். நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளை. அங்கே சன்னதி முருகன் கோயில் திருவிழாவில் அவர் காவடி ஆடினதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டினால் இவரைத்தான் என்று நின்றேன். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. "கடல் வழிய திரியிற ஆக்களுக்கும் எங்களுக்கும் என்ன பிள்ளை கொண்டாட்டம்?" என்று அண்ணை கேட்டார். நான் சோறு தின்னாமல் மூன்று நாள் கிடந்து கட்டினேன். அப்படி அடம்பிடித்துக் கட்டினவளுக்கு, அதன் பிறகு புருஷனில் ஒரு குறையும் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்ற பயம் வந்துவிடும். அந்தப் பயம்தான் பின்னால் என்னை விழுத்தியது. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

அப்பா கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தார். நானும் நீயும் அண்ணை வீட்டில் இருந்தோம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் வேலை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். உனக்கு அப்போது ஐந்து வயது. "ஆறு மாசம்தானே. பெடியனுக்கு ஏடு தொடக்கி ஒரு வரிசம்கூட ஆகேல்லை, அவன் ரண்டெழுத்துக் கூட்டி வாசிக்க முன்னம் வந்து நிப்பன். நீர் யோசியாதையும்" என்றார். "ஆறு மாசம் எண்டு போன ஆக்கள் ஆறு வரிசத்துக்குப் பிறகு வந்ததையும் நான் கண்டனான்" என்றேன். அவர் சிரித்தார். அவருக்கு எதற்கும் சிரிப்புத்தான். ஆறு மாதம் முடிந்தது, இன்னொரு பயணத்துக்கும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று கடிதம் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் பதில் போடவில்லை.

எண்பத்தைந்தில், ஊருக்கு வந்த ஒரு கப்பல்காரரிடம் அந்தக் கசெற்றையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து விட்டிருந்தார். அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் இருந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அப்படியே எழுதுகிறேன்: "இஞ்சை கப்பலிலை திரினிடாட் எண்ட தீவுக்காரன் ஒருத்தன் நிக்கிறான். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, அடித்தட்டைச் சுத்தியலாலை குழிச்சு, குழிக்கு ஒரு சுரம் வாறமாதிரிச் செய்து வைச்சிருக்கிறான். தடியாலை தட்டினால் கோயில் மணியைத் தண்ணிக்குள்ளை வைச்சு அடிச்சமாதிரி இருக்கும். கேப் வேர்ட் தீவுக்காரன் ஒருத்தன் சாக்சபோன் ஊதுறான். ஜாஸ் எண்டு சொல்லுகினம். ஒருத்தன்ரை பாஷை மற்றவனுக்கு விளங்காது, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடினால் எல்லாருக்கும் ஒரே பாட்டு. நானும் ஒரு பிஸ்கற் தகரத்தை வைச்சு எங்கடை சன்னதிக் காவடி அடியை அடிச்சன். உவங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டம் எண்டு நிக்கிறாங்கள். உமக்காகத்தான் பதிஞ்சனான். என்ரை சத்தமும் கேக்கும், சிரியாதையும்."

அந்தத் தகரக் கதையையும் கடைசி இரண்டு வரியையும் இப்போதுதான் நீ முதன்முதலில் வாசிக்கிறாய்.

கசெற் வந்த அன்று பின்னேரம் வீடு நிறைந்த ஆட்கள். அண்ணையின் பெரிய றேடியோவில்தான் போட்டோம். அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்தார். அண்ணி, அடுத்த வளவு மனிசி, புகையிலை வாங்க வந்த இரண்டு பேர், எல்லாரும் இருந்தார்கள். நீ என் மடியில். முதலில் அந்தப் பீப்பாய் மணி, அதற்குப் பின்னால் சாக்சபோன் ஏறி ஏறிப்போய் ஒரு இடத்தில் இறங்கி வந்தது. அடியில் தகரச் சத்தம். எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. இறங்கி வந்து நின்ற இடத்தில் ஒரு ஆண் குரல், நல்ல சந்தோஷத்தில், "இன்னொருக்கா, மச்சான்! இன்னொருக்கா!" என்று கத்தியது. ஒரு போத்தல் உருண்ட சத்தமும் கேட்டது. திரினிடாட் ஆளுக்குத் தமிழ் என்ன தெரியும்? ஆனாலும் விளங்கிக்கொண்டு அந்தத் துண்டை மறுபடி அடித்தான். நீங்கள் இன்றைக்கும் அந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கிறீர்களே, அது பாட்டின் அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது உன் அப்பா கேட்டு வாங்கினது.

அண்ணை முகத்தைச் சுழித்துக்கொண்டு, "ஆரது உந்தக் குடிகாரன்? தமிழ்க் குரலாக் கிடக்கு" என்றார். புகையிலைக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீ அண்ணாந்து என்னைப் பார்த்து, "அம்மா, அது அப்பாவோ?" என்று கேட்டாய். பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, பார். ஐந்து வயதில் விட்டுப்போன குரலை ஆறு வயதில் நீ மறந்திருக்கவில்லை. நான் சொன்னேன்: "இல்லை. ஆரோ கூட நிக்கிற கப்பல்காரன். உன்ரை அப்பா உப்பிடிக் கத்துற ஆளில்லை."

வேண்டுமென்றுதான் சொன்னேன் தம்பி. எனக்கு அந்த மனிதரில் கோபம். வருவேன் என்று சொல்லி வராமல், போத்தலும் தகரமுமாக அங்கே கொண்டாடுகிறாரே என்ற ஆத்திரம். அதைவிட, அண்ணைக்கு முன்னால் வெட்கம். சோறு தின்னாமல் கிடந்து கட்டின புருஷன் இவர்தானா என்று அந்த வீட்டுச் சுவர்கூட என்னைக் கேட்டமாதிரி இருந்தது. சொல்லிவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைத்தேன். அடுத்த நாள் உனக்குச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் கோபம் ஆறவில்லை. மனிதர் வரட்டும், அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டேன். அவர் வரவில்லை. எண்பத்தாறில் கொம்பனியில் இருந்து கடிதம் வந்தது. அத்திலாந்திக்கில் புயலுக்குள் மேல்தட்டில் இருந்து கடலுக்குள் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கசெற்றைக் கூறைச்சேலைக்குக் கீழே வைத்து ட்ரங்குப் பெட்டியைப் பூட்டினேன்.

அதைத் திறந்தது நீ. தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி, கரண்ட் நின்றுபோய், பற்றரியும் வராமல், சவர்க்காரத் துண்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆலாய்ப் பறந்த காலம். உனக்குப் பதினொரு வயது. பழைய சட்டை தேடப்போய்க் கசெற்றோடு வந்து நின்றாய். "அம்மா, இதைப் போட்டுப் பாப்பமோ?" போடாதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் அப்போது செய்ததுபோல மாமாவின் சைக்கிளைக் கிணற்றடியில் தலைகீழாக நிறுத்தினோம். டைனமோவில் இருந்து வயரை இழுத்து, றேடியோ திருத்துகிற ஒருவர் இடையில் ஏதோ சின்னச் சாமான் வைத்து ஒட்டித் தந்தார். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். நீ றேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கிடப்பாய், ஆகவே சுற்றுகிற வேலை எனக்கு. வேகமாகச் சுற்றினால் சாக்சபோன் அணில் கத்துகிறமாதிரிக் கீச்சிடும். ஆறுதலாகச் சுற்றினால் கன்றைத் தேடுகிற மாடு மாதிரி. "அம்மா, நேராச் சுத்துங்கோ" என்று நீ சத்தம் போடுவாய். "நேராச் சுத்த நானென்ன இஞ்சினோ?" என்பேன். பத்து நாளில் என் கைக்குப் பாட்டு முழுக்கப் பாடமாகிவிட்டது.

அந்தக் குரல் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கை மெதுவாகும். முதல் நாள் தோள் நோவு என்று நினைத்தேன். இரண்டாம் நாளில் இருந்து நான் அறிந்தே செய்தேன். வரப்போகிறார் என்று தெரிந்ததும் கையை ஆறவிடுவேன். மெதுவாகச் சுற்றினால் மெதுவாக வருவார், மெதுவாகப் போவார். அந்த மூன்று சொல்லையும் இழுத்து இழுத்து வைத்திருப்பேன். அந்த வேகத்தில் குரல் தடித்துப் புதையும், யார் குரல் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாழ்க்கையில் அவரோடு நான் செய்ய முடியாமல் போனதை ஒரு சைக்கிள் பெடலில் ஐந்து வருஷம் செய்தேன். உனக்கு அம்மா பாட்டுப்போட்டுக் காட்டினாள் என்று நீ இன்றைக்கும் எல்லாருக்கும் பெருமையாகச் சொல்கிறாய். உனக்காக மட்டும் சுற்றவில்லை ராசா, எனக்காகவும்தான்.

ஒருநாள் நீ கேட்டாய்: "அம்மா, உந்தத் தகர அடி சன்னதிக் காவடி அடிமாதிரிக் கிடக்கு, என்ன?" நான், "தகரம் எல்லாத்துக்கும் ஒரே சத்தம்தான், பேசாமல் கேள்" என்று வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு தார்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழிக்கத் தொடங்கினாய். மூன்று மாதம் காது கொடுக்க முடியவில்லை. அடுத்த வளவு மனிசி வேலிக்கு மேலால் எட்டி, "ஷெல் அடிக்கிறான் எண்டு நான் பங்கருக்குள்ளை போய்க் கிடக்கிறன், உங்கை உன்ரை மோன் தகரம் தட்டுறான்" என்று ஏசினாள். எட்டுச் சுரம் வைக்கப்போய் ஐந்துதான் ஒழுங்காக வந்தது. அந்த ஐந்தை வைத்தே கசெற்றில் இருந்ததை வாசித்தாய். நான் மெதுவாக்குகிற இடத்தில் நீயும் மெதுவாக்கினாய். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாமாவில் நீ கோபித்துவிடாதே. அவர் அந்தக் குரலை இரண்டாம் முறை கேட்டபோதே கண்டுபிடித்துவிட்டார். நீ பள்ளிக்கூடம் போன ஒரு காலை, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, பெடியனுக்குச் சொல்லன். அது அவன்ரை தேப்பனெல்லே."

"நீங்கள்தானே அண்டைக்குக் குடிகாரன் எண்டனியள்" என்று பாய்ந்தேன்.

"ஓம், நான் சொன்னனான்தான். நீ ஏன் அதுக்கு ஓம் எண்டனி?"

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். மனிதர் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு சைக்கிளின் டைனமோவைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவைப்பது அவருடைய வேலையாகிவிட்டது, நீ கவனித்திருப்பாய்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகுது என்று ஊரோடு ஊராகச் சண்டிலிப்பாயை விட்டு மழையில் நடந்தோமே, அந்த நாளைப் பற்றி நீ உன் பேட்டிகளில் சொல்வதை எல்லாம் கேட்டிருக்கிறேன். பீப்பாயை விட்டுவிட்டு வந்ததற்காக நீ அழுதாய், பதினாறு வயதுப் பெடியன். கசெற் என் இடுப்பில் ஒரு பால்மாப் பையில் சுற்றியிருந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கி, மூன்றாம் நாள் மழை விட்டபோது, நீ மாமாவின் சைக்கிளைத் தலைகீழாக்கினாய். நான் சுற்றினேன். விறாந்தை நிறைய முகம்தெரியாத சனம், ஈரச் சேலையும் அரிசி மூட்டையுமாக வந்து நின்று கேட்டார்கள். அந்த இடம் வந்தது. "இன்னொருக்கா, மச்சான்." ஒரு கிழவர் பொக்கை வாயால் சிரித்து, "உது ஆர், எங்கடை ஆள்?" என்று கேட்டார். நீ வலு பெருமையாக, "ஆரோ கப்பல்காரன் ஐயா" என்றாய்.

ஆரோ. என் சொல்லை அப்படியே வாங்கி, பத்து வருஷம் வைத்திருந்து, என் முன்னாலேயே எடுத்துக் கொடுத்தாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். கையை விட்டிருந்தால் பாட்டு நின்றிருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அத்தனை சனத்துக்கு முன்னாலும் எனக்கு மறுபடி வெட்கம்தான் வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தேன். அடுத்த வருஷம் நீ வெளிநாடு போய்விட்டாய். போன வருஷம் நீ வந்து கசெற்றைக் கேட்டபோதும் பெட்டியைத் திறந்து தந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

இப்போது உன் குழுவில் திரினிடாட் வழி வந்த ஒருவர் மேளம் அடிக்கிறார், கியூபாக்காரப் பெண் பியானோ வாசிக்கிறாள், நீ நல்ல எட்டும் பத்தும் சுரம் வைத்த பீப்பாய் வாசிக்கிறாய். முதல் நாள் ஒத்திகையில் அந்த மேளக்காரர், திரும்பி வருகிற இடத்துக்கு முன்னால் நீ ஏன் இப்படித் தொங்கி நிற்கிறாய், எங்கே படித்தாய் என்று கேட்டாராம். "எங்கடை ஊரிலை அப்பிடித்தான்" என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்டு நான் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு அவர்களும் அந்த இடத்தில் உன்னோடு சேர்ந்து தொங்கி நிற்கப் பழகிவிட்டார்கள் என்றாய். இன்றைக்கு அது பிழை என்கிறாய். பிழை இல்லை தம்பி. அப்பாவின் தகரம் கீழே அடிக்கிறது, அதற்கு மேல் என் கை. நானும் அவரும் ஒன்றாக இருக்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். கசெற்றின் வேகத்தை நீ சரிப்படுத்தியது நல்லதுதான், அப்படியே வைத்துக்கொள். உன் வாசிப்பைத் திருத்தாதே. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், உன்னுடைய ஆளை நாலுபேருக்கு முன்னால் "ஆரோ" என்று சொல்லிவிடாதே. சொல்வதற்கு ஒரு வினாடி போதும். அதைத் திருப்பி எடுக்க எனக்கு நாற்பது வருஷம் சென்றது.

இன்னொன்று. அந்தக் குரலை நீ சரியான வேகத்தில் கேட்டுவிட்டாய், ஆனால் அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதான், தன் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நீ போனில் "அம்மா" என்று தொடங்குகிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு ஒருதரம் நின்று போகும். நீ இப்போது கசெற்றில் கத்துகிற அவரைவிடப் பத்து வயது மூத்தவன், குரல் மட்டும் அவருடையதுதான். பக்கத்தில் இருப்பவர்களிடம் போட்டுக் காட்டிக் கேட்டுப்பார், சொல்வார்கள்.

நீ போனபிறகு இங்கே கரண்ட் வந்தது, றேடியோவும் இருந்தது. நான் ஒருநாளும் அந்தக் கசெற்றைப் போடவில்லை. தானாக ஓடினால் அவர் கெதியில் வந்து கெதியில் போய்விடுவார் என்று பயம். இப்போது தோளும் சரியில்லை, சைக்கிளும் இல்லை. இனிப் பயந்து என்ன செய்ய. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எனக்குப் போன் எடு. அந்தத் துண்டைப் போட்டு, போனைச் சத்தம் வருகிற பெட்டிக்குக் கிட்டப் பிடி. முடிந்த பிறகு நான் கொஞ்ச நேரம் கதைக்காவிட்டால், லைன் போய்விட்டது என்று அவசரப்பட்டு வைத்துவிடாதே. பொறுத்து நில். அவர் அந்த மச்சானிடம் கேட்டதைத்தான் நானும் உன்னிடம் கேட்கப் போகிறேன்.

அம்மா